பொம்மை ஸ்வெட்டருக்கு 55 மூங்கில் ஊசி: வாங்கலாம், உப்புத்தாளோடு

கம்பெனிப் பெயரே இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் 55 மூங்கில் ஊசிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. 2 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை 11 அளவுகள், அளவுக்கு ஐந்து. இரு பக்கமும் முனை, நீளம் 13 செ.மீ. பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு ஆகாது. குழந்தையின் டெடி கரடிக்கோ முயலுக்கோ சட்டை பின்ன இதைவிட வசதியான நீளம் இல்லை.

வித்தியாசம் தெரிவது கைப்பகுதியில். 25 செ.மீ. கரடியின் கைக்கு 4 பிளை நூலில் (மெல்லிய ரக நூல்) 24 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், போதும். எட்டெட்டாக மூன்று ஊசியில் நிறுத்தி நாலாவதால் பின்னலாம். 20 செ.மீ. ஊசி என்றால் முனைகள் உள்ளங்கையைக் குத்தும், ஏற்கெனவே பின்னிய உடம்புப் பகுதியிலும் மாட்டும். உலோக ஊசியை எட்டுக் கண்ணி தாங்காது, சமயத்தில் தானே உருவிக்கொண்டு விழும். மூங்கில் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடியே சிலசமயம் அதிகம். முனையைப் பழைய நைலான் துணியில் இழுத்துப் பாருங்கள், சிராய் இருந்தால் மாட்டும். 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 600 நம்பரால் தேயுங்கள். தண்டை நார் போகும் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் நார் இன்னும் எழும்பும். கடைசியில் மெழுகுவர்த்தியை லேசாகத் தடவிப் பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். மெழுகு அப்பியே இருந்தால் வெள்ளை நூல் அழுக்காகும். 2, 2.25 அளவுகளை இறுக்கிப் பின்னுகிறவர்கள் தொடாமலிருப்பது நல்லது, பட்டென்று ஒடியும்.

பெரிய குறை அளவுதான். ஊசியில் அச்சிட்ட எண் சீக்கிரம் அழிந்துபோகும். 3-உம் 3.25-உம் ஒரே வட்டத்தில் கலந்தால் பின்னலில் ஒரு பக்கம் தளர்ந்து, பட்டை பட்டையாகத் தெரியும். ஊசி அளவு பார்க்கும் துளைத் தகட்டில் நுழைத்துப் பிரித்து, தனித்தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். எண்ணைக் கேட்டும் ஏமாறக் கூடாது: நம் ஊர்க் கடையில் புழங்கும் பழைய ஆங்கிலக் கணக்கில் 10 நம்பர் என்றால் 3.25 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 10 என்றால் 6 மி.மீ. மி.மீ. மட்டும் பாருங்கள்.

கணக்கு இப்படி. 3.25 ஊசியில் 4 பிளை நூல் 10 செ.மீ.க்கு 28 கண்ணி தந்தால், மார்பு 24 செ.மீ. உள்ள பொம்மைக்கு 64 போடலாம். சட்டை 23 செ.மீ. சுற்றளவு வரும். பஞ்சு அமுங்கும், ஒரு செ.மீ. குறைவாக இருந்தால்தான் தொளதொளக்காது. இரண்டு நேர், இரண்டு மறு கண்ணி மாறிமாறி வரும் இரண்டுக்கு இரண்டு ரிப்புக்கு (இழுபடும் ஓரப் பின்னல்) 4-ஆல் வகுபடவும் செய்கிறது. நான்கு ஊசியில் 16 வீதம், ஐந்தாவது பின்ன. ஊசிக்கு 25 கண்ணியைத் தாண்டினால் நுனியில் நழுவத் தொடங்கும். அதனால் பெரிய கரடிக்கு இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் வட்ட ஊசிதான்.

ஊசி மாறும் இடத்தில் ஏணி மாதிரி கோடு விழுந்தால் ஊசியைத் திட்ட வேண்டாம். முதல் கண்ணியை மட்டும் இறுக்கினால் போதாது, இரண்டாவதைப் பின்னிய பிறகும் நூலை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

பொம்மைக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. சட்டையை முழு வட்டமாகக் கழுத்துவரை முடித்தால் தலையில் ஏறாது. அக்குளுக்கு மேலே பின்பக்கத்தைத் திறந்து, இரண்டே ஊசியில் போய்த் திரும்பிப் பின்னுங்கள், கண்ணி நழுவாமலிருக்க மறு நுனிகளில் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பட்டன் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். வெல்க்ரோவின் சொரசொரப் பக்கமோ பின்னலையே பிய்க்கும். பொம்மைக்கு மாட்டிவிட்டு அந்தத் திறப்பைத் தைத்துவிடலாம்.

ஐந்தில் ஒன்று சோபாவுக்குள் போய்விட்டாலும் மிச்ச நான்கில் கை பின்னி முடித்துவிடலாம்.