பாலாற்றங்கரை மண்ணுக்கு எந்த எண்ணெய் வித்து?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவு பாய்ந்து கெட்ட நிலங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "எண்ணெய் வித்து போடுங்கள், டீசலும் கிடைக்கும், மண்ணும் சுத்தமாகும்" என்று யாராவது சொல்வார்கள். யோசனை மோசமில்லை. எந்த வித்து என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இங்கே வில்லங்கம் இரண்டு: தோலைப் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம், தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்பு. குரோமியத்தைப் பெரும்பாலான செடிகள் வேரிலேயே நிறுத்திவிடும், தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது சொற்பம். அதனால் செடி உறிஞ்சும், நாம் அறுத்து அப்புறப்படுத்தலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. மண் தூசியாகப் பறக்காமலும், மழையில் அரித்து ஆற்றில் சேராமலும் பிடித்துவைக்கிற செடிதான் வேண்டும். (ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலை வேறு கதை. அங்கே இருப்பது தண்ணீரில் கரையும், நஞ்சு மிகுந்த குரோமிய வகை (ஆறு இணைதிறன் குரோமியம்). அதை எந்தச் செடியிடமும் ஒப்படைக்க முடியாது.)

பெயர் பெற்றது சூரியகாந்தி. 1994-இல் செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்துக் குளத்தில் மிதவை கட்டி வளர்த்தார்கள். வேர்கள் தண்ணீரிலிருந்து கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் இழுத்தன. அது தண்ணீர். 2011-இல், அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவில் ஊர் ஊராக மண்ணில் விதைத்தார்கள். ஜப்பான் வேளாண் அமைச்சகம் சோதித்தபோது, மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் செடிக்குள் போயிருந்தது. நம் ஊரில் இன்னொரு தொல்லை, கிளி. கிளி தின்றது போக மிஞ்சும் விதையும் சமையல் எண்ணெய்ச் செக்குக்குப் போகாது என்று யார் உறுதி சொல்வது? எனக்கு வேண்டாம்.

கடுகுக் குடும்பம் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் மண்ணில் மிகுந்திருந்த செலினியம் என்ற தனிமத்தை நன்றாக இழுத்தது, கொஞ்சத்தை ஆவியாகவும் விட்டது. குரோமியம் அப்படி நடந்துகொள்வதில்லை. அப்புறம், பாலாற்றங்கரை வெயில் கடுகுக்கு ஆகாது.

காட்டாமணக்கின் கதைதான் வருத்தமானது. 2003-இல் திட்டக்குழு தொடங்கி வைத்த கனவில், 2011-12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்து கலக்கப்பட்டிருக்க வேண்டும். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மேயாது என்றார்கள். எல்லாம் உண்மைதான். தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருக்கும், காய்க்கத்தான் காய்க்காது. காய்த்தாலும் ஒரே சமயத்தில் பழுக்காது, பொறுக்கும் கூலிக்கே விதை விலை போய்விடும். நல்ல தரிசிலேயே இந்த நிலை என்றால், உப்பேறிய மண்ணில் கேட்க வேண்டுமா? வேலிக்கு வைக்கலாம்.

இனி ஆமணக்கு. சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் நமக்குப் பழகிய பயிர். ஏத்தாப்பூரில் இதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காட்டாமணக்கைப் போல மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம், விதைத்த வருடமே கொட்டை கைக்கு வரும். வேர் ஆழமாக இறங்கும், உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்ளும். கொட்டையில் பாதிக்குப் பாதி எண்ணெய். சூரியகாந்தி போலச் சமையல் எண்ணெயாகப் போய்விடாது என்ற நிம்மதி வேறு.

டீசல் என்று வந்தால்தான் ஆமணக்கு இடறுகிறது. எண்ணெயில் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம். அதுதான் விளக்கெண்ணெய்க்கு அந்தக் கொழகொழப்பு. பயோடீசலாக மாற்றினாலும் பாகுநிலை (கொழகொழப்பின் அளவு) 13 சென்டிஸ்டோக்குக்கு மேல் நிற்கும். இந்தியத் தரம் அனுமதிப்பதோ இதில் பாதிகூட இல்லை. தனியாக எஞ்சினில் ஊற்ற முடியாது, கலந்துதான் ஆக வேண்டும். ஆனால் மசகெண்ணெய், பெயின்ட், நைலான் என்று வாங்க ஆள் இருக்கும்போது அதை ஏன் எரிக்க வேண்டும்? எண்ணெயாகவே விற்றுவிடுவேன்.

கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று, வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உழவர் டீசல் விற்றுத் தன் நிலத்தைத் தானே கழுவிக்கொள்ளட்டும் என்பது, எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடிக்கிற கதை.

உப்பு அதிகம் ஏறிய மூலைக்கு மட்டும் ஆமணக்கு தாங்காது. அங்கே புங்கம். காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும், ஆனால் உப்பைப் பொறுக்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், எண்ணெயும் ஆமணக்கைவிடச் சுலபமாக டீசலாகும்.

என் கையில் ஒரு ஏக்கர் இருந்தால் நடுவில் ஆமணக்கு, வரப்பிலும் உப்பு மூலையிலும் புங்கம். எண்ணெயில் உலோகம் அவ்வளவாக இறங்காது, மிஞ்சுவது பிண்ணாக்கில்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத்தான் பார்க்க வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாகப் போட்டுப் பழகிய ஊர் இது. இந்த நிலத்து மூட்டைக்குத் தனி அடையாளம் வைத்து, பக்கத்து நெல்வயலுக்குப் போகவிடாமல், இதே நிலத்துக்கே திருப்பிக் கொட்டுவேன்.