₹18,000 வாங்கிக்கொண்டு உதட்டைக் கெடுத்து அனுப்பினார்கள்: லிப் டாட்டூ போடப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இன்றைக்கு மதியம்தான் "நோ ரீஃபண்ட் டியர்" என்று கடைசி மெசேஜ் வந்தது. கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். என் தங்கை லிப் பிளஷ் (உதட்டுத் தோலுக்குள் ஊசியால் நிறம் ஏற்றும் டாட்டூ) போட்டுக்கொண்டது இன்ஸ்டாவில் விளம்பரம் செய்யும் ஒரு அழகு நிலையத்தில். பெயர் போடவில்லை. இதே மாதிரி கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. கட்டியது ₹18,000, முழுத்தொகையும் முன்பணமாக, பில் இல்லாமல்.

அவள் நம்பியது ஊசியைப் பார்த்துத்தான். சீல் வைத்த ஊசிக் கார்ட்ரிட்ஜை அவள் கண்ணெதிரே பிரித்தார்கள், புதுக் கையுறை போட்டார்கள். அதோடு அவளுக்குச் சந்தேகம் போய்விட்டது. புது ஊசி என்பது குறைந்தபட்சக் கடமை, அதுவே தகுதி ஆகிவிடாது. கேட்க வேண்டியது எதையும் அவர்கள் கேட்கவில்லை. காய்ச்சல் நேரத்தில் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வந்ததுண்டா? பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா? மரப்பு கிரீம் ஒத்துக்கொள்ளுமா? ஒரு படிவம்கூடக் கிடையாது.

முதல் கேள்விதான் உயிர்நாடி. அந்தக் கொப்புளம் ஹெர்பிஸ் வைரஸால் வருவது. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் நரம்பில் பதுங்கியே கிடக்கும். உதட்டில் ஊசி ஓடினால் அந்தக் காயமே அதைக் கிளப்பிவிடும். அதனால் முன்பு வந்தவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை டாட்டூவுக்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்வது வழக்கம். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்!

மூன்றாம் நாள் உதட்டோரம் எரிச்சலோடு கொத்துக் கொப்புளம். போட்டோ அனுப்பினாள். "நார்மல்தான் டியர், ஹீல் ஆகும்." மறுநாள் பரவியது. "காரம் சாப்பிட்டிருப்பீங்க." அதற்கு அடுத்து, "தோலை நீங்களே பிச்சிருப்பீங்க." பிறகு நீல டிக் மட்டும். அவர்கள் கொடுத்தனுப்பிய 'ஸ்பெஷல் பாம்' ஒரு சின்ன டப்பா. லேபிள் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. தோல் டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னதே அதைத்தான்.

எது நார்மல் என்று அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் வீக்கமும் நிணநீர்க் கசிவும் (புண்ணிலிருந்து ஊறும் தெளிந்த நீர்) இருக்கும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கசிவை அப்படியே காயவிட்டால் தடித்த பொருக்கு கட்டும், அது விழும்போது நிறமும் திட்டுத்திட்டாகக் கூடவே போகும். ஒற்றியபின் வாசனை சேர்க்காத வாசலினை காட்டன் பட்டால் மெல்லிசாகப் பூச வேண்டும். விரலால் தொடக் கூடாது. அப்பிப் பூசினால் தோல் ஊறிப்போகும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வாக்கில் தோல் உரியும், தானாக விழட்டும். ஒரு வாரம் பத்து நாளில் நிறமே போய்விட்ட மாதிரி தெரியும். புதுத்தோல் மங்கலாக மூடியிருப்பதால் அப்படி. மூன்று நான்கு வாரத்தில் நிறம் மேலே வரும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகாமல் டச்-அப் (விட்டுப்போன இடத்தில் மறுபடி நிறம் ஏற்றுவது) செய்யக் கூடாது.

வலி நாளுக்கு நாள் ஏறினால், சீழ், காய்ச்சல், கொத்துக் கொப்புளம் வந்தால் அது நார்மல் இல்லை. அன்றே டாக்டரிடம் போங்கள், கடைக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

புண் ஆறிய பிறகுதான் இரண்டாவது அடி. உதடு சாம்பலும் ஊதாவுமாக நிற்கிறது. நம்மில் பலருக்கு உதட்டில் இயற்கையாகவே மெலனின் என்ற கருநிறமி அதிகம். அதன் மேல் நீலச்சாயல் உள்ள பேபி பிங்க் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். முதல் சிட்டிங்கில் ஆரஞ்சுச் சாயலால் கருமையைச் சமன் செய்து, ஆறவிட்டு, அடுத்ததில்தான் வேண்டிய நிறம். 'ஒரே சிட்டிங்கில் ரோஜா உதடு' என்பது கருத்த உதட்டுக்குப் பச்சைப் பொய். நிறம் பிடிக்கவில்லை என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி ஓட்டினால் காயம் ஆழமாகி, ஆறும்போது இன்னும் கறுக்கும். அவர்கள் காட்டிய போட்டோக்களில் ஒன்றுகூட நம் நிற உதடு இல்லை, அதுவும் போட்டு முடித்த கையோடு எடுத்தவை.

இலவசம் என்ற டச்-அப்புக்கு இப்போது ₹6,000 கேட்கிறார்கள். இல்லாவிட்டால் லேசரில் எடுத்துத் தருகிறார்களாம். வேண்டவே வேண்டாம். டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ கலந்த பிக்மென்ட் (டாட்டூ நிறமி) லேசர் பட்டால் கன்னங்கரேலென்று மாறக்கூடும். தோல் டாக்டர் ஓரத்தில் சிறு புள்ளியில் சோதித்துப் பார்க்காமல் யாரையும் லேசர் வைக்க விடாதீர்கள். ₹18,000 போனது போதாதா?

விவரமாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிற உதட்டில், ஆறு வாரம் ஆறியபின் எடுத்த போட்டோ கேளுங்கள். பிக்மென்ட் பாட்டிலின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதியைப் படம் எடுத்து வையுங்கள். ஆறும்வரை காரம், புளிப்பு, சுடச்சுடக் காபி, நீச்சல், லிப்ஸ்டிக், முத்தம் எதுவும் வேண்டாம். பற்பசை நுரை உதட்டில் படாமல் துலக்குங்கள். ஒரு வருடம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், ஜிபேயில் அனுப்பினால் எதற்கு என்று குறிப்பும் போடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை அங்கேதான் புகார் கொடுக்கிறோம், மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.