குரும்பாபேட் கால்நடை ஆஸ்பத்திரியா, பக்கத்துக் கிளினிக்கா, வீட்டுக்கு வரும் டாக்டரா?

எங்கள் கருப்பிக்கு எட்டு வயது. வைத்திக்குப்பம் கடற்கரையில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். வருடாந்திர செக்கப்புக்குப் புதுச்சேரியில் இருக்கும் மூன்று வழிகளையும் அவளோடு பார்த்துவிட்டேன். நல்லா இருக்கிற நாயை எங்கே காட்டுவது என்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அடிபட்ட நாய்க்கு வழி வேறு.

வீட்டுக்கு டாக்டர் வருவது நாய்க்குப் பெரிய நிம்மதி. ஆட்டோவில் ஏற்றுவார்களா என்ற கவலை கிடையாது. ஆஸ்பத்திரி வாசனைக்கே நடுங்குகிற பிராணி தன் பாயில் படுத்தபடியே ஊசி போட்டுக்கொள்ளும். பூனை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கூடையில் அடைத்துக் கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விடும் அதுகளுக்கு.

ஆனால் எடை மெஷின் வீட்டுக்கு வராது. பூச்சி மருந்து எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டியது, கண்ணளவில் சொன்னால் தப்பும். இன்னொன்றும் நடந்தது. மூன்று வருஷம் முன்பு, "கொஞ்சம் சோர்வா இருக்கா சார்" என்றேன். வெயில் என்று சொல்லிவிட்டு, தெர்மாமீட்டரை வெளியிலேயே எடுக்காமல் வருஷ ஊசியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார் வந்தவர். மூன்றாம் நாள் சோற்றைத் தொடவில்லை. குரும்பாபேட்டில் பார்த்தபோது காய்ச்சல் 104. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கியிருந்தது: உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்து மீட்டோம். காய்ச்சலோடு இருக்கும் நாய்க்குத் தடுப்பூசி போடக் கூடாது. இப்போது எந்த டாக்டரானாலும் "முதல்ல டெம்பரேச்சர் பாருங்க சார்" என்று கேட்டுவிடுகிறேன்.

குரும்பாபேட் என்றால் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில். மாணவர்கள் சுற்றி நின்று, என்ன சாப்பிடுகிறது, கடைசியாக எப்போது பூச்சி மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார்கள். நேரம் ஆகும், ஆனால் எதுவும் விட்டுப்போகாது. கூட்டம்தான் சங்கடம். போன முறை பார்த்த டாக்டரே இந்த முறையும் இருப்பார் என்று சொல்ல முடியாது. தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுபோனால் மடியை விட்டு இறக்காதீர்கள். குட்டிகளுக்கு ரத்த வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசி 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போய்க்கொண்டிருக்கும், அதுவரைக்கும் கவனம்.

பக்கத்துக் கிளினிக்கில் செலவு கூடுதல், பெரிய டெஸ்ட்டுக்கு வெளியே அனுப்புவார்கள். இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். காரணம், கருப்பியைப் பற்றி எழுதி வைக்கும் ஒரு நோட்டு. எங்கள் டாக்டர் கருப்பியின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துவார்; ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். காது மடலைத் திருப்பி, கால் விரலிடுக்கில் உண்ணி தேடுவார். போன வருஷம் எடை 18.4 கிலோ. இந்த வருஷம் 16.9. நோட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டைக் குறைச்சீங்களாம்மா?" என்றார். இல்லையே. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. இத்தனை நாளும் ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள். தினமும் தட்டு வைக்கிற என் கண்ணுக்குத் தெரியாத ஒன்றரைக் கிலோ, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவருக்குத் தெரிந்தது.

அதனால் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஊசியும் செக்கப்பும் கிளினிக்கில். ஏழு வயது தாண்டியதால் இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் குரும்பாபேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், கிட்னியைத் தாக்கும். நோட்டு இரண்டு இடத்துக்கும் என் பையிலேயே வருகிறது. பல்லைப் பிடுங்க அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முந்தின ராத்திரியிலிருந்து சோறு வைக்கக் கூடாது.