எந்த சர் வால்டர்?

ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ காதல் கதைதான். ஆனால் முதல் பக்கத்தில் நமக்கு அறிமுகமாவது நாயகி ஆன் எலியட்டின் அப்பா, சர் வால்டர் எலியட். பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பங்களின் பட்டியல் நூலில் தன் பெயர் உள்ள பக்கத்தை அலுக்காமல் படிப்பவர். வயது 54, இன்னமும் அழகர். கடன் கழுத்தை நெரித்து, கெல்லிஞ்ச் மாளிகையையே வாடகைக்கு விட வேண்டிய நிலை. அப்போதும் கவலை அடுத்தவர் முகச் சுருக்கத்தைப் பற்றித்தான். பாத் நகரக் கடையொன்றில் நின்று, தெருவில் போன 87 பெண்களை எண்ணி, பார்க்கும்படியாக ஒரு முகம்கூட இல்லை என்பார். இத்தனைக்கும் பாரனெட் பட்டம் பிரபுக்கள் சபைக்குள் நுழையக்கூட உதவாது!

திரையில் இவரைப் பலர் செய்திருக்கிறார்கள். என் ஓட்டு 1995 பிபிசி படத்தின் கோரின் ரெட்கிரேவுக்கு. கடற்படைக்காரர்களின் வெயிலில் அடிபட்ட முகங்களைப் பழிக்கும்போது, தான் பேசுவது சிரிப்புக்குரியது என்ற சந்தேகமே அவரிடம் இல்லை. ஆனின் காதலர், கடற்படை கேப்டன் வென்ட்வொர்த் வந்து அவளை மணக்க அனுமதி கேட்கிறார். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை; இவளைப் போய் எதற்கு என்று நிஜமாகவே புரியாமல் விழிக்கிறார். நாவலில் இல்லாத காட்சி, ஆனாலும் அதே ஆள்தான். (நிஜ வாழ்க்கையில் ரெட்கிரேவ் தீவிர இடதுசாரி. மேட்டுக்குடியை நன்றாகவே கவனித்து வைத்திருந்தார் போல.)

தோற்றத்தில் மட்டும் பார்த்தால் 2007 ஐடிவி படத்தின் அந்தோனி ஹெட்டை யாரும் நெருங்க முடியாது. ஏறக்குறைய அதே வயது. கண்ணாடி முன் நின்றால் அவர் கர்வம் நமக்கே நியாயமாகத் தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். அவரிடம் கடுமை அதிகம், வார்த்தைகள் குத்துகின்றன. நாவலின் அப்பா மகளை வெறுப்பதில்லை, அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை, அவ்வளவுதான். வில்லனாக்கிவிட்டால் அந்த அலட்சியத்தின் வலி குறைந்துவிடுகிறது. கொடுமைக்காரரை எதிர்க்கலாம், கவனிக்கவே கவனிக்காதவரை என்ன செய்வது?

2022 நெட்ஃப்ளிக்ஸ் படத்தில் ரிச்சர்ட் இ. கிராண்ட். பகட்டுக்காரராக நடிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வரும் காட்சிகளெல்லாம் கலகலப்பு. படம்தான் அவரைக் கவிழ்த்துவிடுகிறது. டகோட்டா ஜான்சன் நடித்த நாயகி, கேமராவைப் பார்த்துக் குடும்பத்தையே கிண்டலடிக்கிறாள். மகளே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் அப்பாவின் அபத்தத்தை நாமாகக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? 1995-இல் நாயகியாக நடித்த அமாண்டா ரூட் பேசாமல் ஓரமாக நிற்பார். ரெட்கிரேவின் ஒவ்வொரு உளறலும் அந்த மௌனத்தில்தான் பெரிதாகக் கேட்கும். அவர் பெற்ற வெற்றியில் பாதி ரூட்டுக்குச் சேர வேண்டும்.

1971-இல் கிரனாடா என்ற பிரிட்டிஷ் டிவி நிறுவனம் எடுத்த தொடரில் சர் வால்டராக பேசில் டிக்னம் இருக்கிறார். தொடர் என்பதால் சாவகாசமாகப் பேச இடமுண்டு. ஆனால் எடுத்த விதம் மேடை நாடகம் மாதிரி, பொறுமை வேண்டும். நாவலைப் படித்து முடித்த கையோடு பார்க்கிறவர்களுக்கு அது சரிப்படும். மற்றவர்கள் 1995-இலேயே தொடங்கலாம்.