தனியார் பள்ளியில் 25 சதவீத இடமா, அரசுப் பள்ளிக்கு இன்னும் ஆசிரியர்களா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு; கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். பெற்றோருக்கு இது உடனடி ஆறுதல்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு அந்தச் சட்ட உரிமை முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்துக்குக் கூலித் தொழிலாளி எங்கே போவார்?

தனியார் பள்ளிக்கு அரசு தரும் அந்தப் பணத்தை ஊர் அரசுப் பள்ளிக்கே செலவிடுவது இன்னொரு வழி. இதே சட்டம் 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. வகுப்புகளோ ஐந்து! ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில். இதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். சேர்க்கை குறைகிறது, அதைக் காட்டியே ஆசிரியர் பணியிடமும் குறைகிறது.

2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியைக் கவனித்தது. அடுத்து, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

நான் இரண்டாவது வழியின் பக்கம். ஆனாலும் ஒதுக்கீட்டில் ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசே கட்டணம் செலுத்த வேண்டும்.