அப்பாவின் வின்செஸ்டருக்கு எது நியாயமான விலை? நாலு வழிகள், நாலு எண்கள்

என் சம்பந்தி பென்சில்வேனியாக்காரர். போன வருடம் இலையுதிர் காலத்தில் காலமானார். வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் உயிலில் தெளிவாக எழுதி வைத்திருந்தார். மற்ற சாமான்களைப் பிள்ளைகள் இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு வரிதான். அந்த வரிக்குள் அவருடைய மான் வேட்டைத் துப்பாக்கியும் அடங்கியிருந்தது: வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 94, .30-30 தோட்டா போடும் லீவர் ரைபிள் (விசைக்கு அடியில் உள்ள கைப்பிடியான லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வந்து உட்காரும்). மாப்பிள்ளைக்கு அது வேண்டும். அவருடைய தங்கைக்குத் துப்பாக்கி தேவையில்லை, ஆனால் பாதிப் பங்கு அவளுடையது. அப்படியென்றால் அதன் விலை தெரிந்தாக வேண்டும்.

மாப்பிள்ளைக்குத் துணையாக நானும் இதில் இறங்கினேன். இரண்டு மாதத்தில் அந்த ஒரே துப்பாக்கிக்கு நாலு இடத்தில் நாலு விலை கிடைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டில் இப்படி ஒரு பொருள் வந்து சேர்ந்து, அண்ணன் தங்கைக்குள் மனக்கசப்பு வராமல் பிரிக்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

விலைக்கு முன்னால் பாதுகாப்பு. இந்த மாடலில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாய்க்குள் வரிசையாக உட்காரும். மேலே பார்த்தால் காலியாகத் தெரியும், உள்ளே ஒன்று மிச்சம் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் லீவரைத் தொடாமல், தெரிந்தவரை அழைத்துக் காலி செய்துகொள்வதே சரி. இன்னொன்று, துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். இரும்பின் மேல் தொழிற்சாலையில் ஏற்றிய கருநீலப் பூச்சும், மரத்தின் பழைய எண்ணெய் மெருகும்தான் விலையில் பெரும்பங்கு. என் மகள் ஸ்டீல் வுல்லை (தேய்க்கும் இரும்பு இழைப் பஞ்சு) எடுத்துக்கொண்டு வந்தாள். நல்லவேளை, தடுத்துவிட்டோம். புதிதாகப் பூச்சு ஏற்றிய துப்பாக்கியைவிட, அங்கங்கே தேய்ந்தாலும் அசல் பூச்சோடு இருப்பதற்கே சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுக்கிறார்கள்.

அடுத்து, கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். மாடல் 94-ஐ வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1894-ல் வந்தது, மறு வருடமே புகையில்லா வெடிமருந்தோடு .30-30 தோட்டா சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-ல் மூடும்வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஆக, பழசு என்பதாலேயே இது அபூர்வம் ஆகிவிடாது. விலையைப் பிரிக்கும் கோடு 1964. அந்த வருடம் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றினார்கள். கடைந்தெடுத்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டில் அடித்தெடுத்தவை வந்தன. அதனால் அதற்கு முந்தியவற்றுக்குத் தனி மவுசு. சீரியல் நம்பர் பட்டியலில் பார்த்தபோது எங்களுடையது 1950-களின் தொடக்கத்தில் செய்தது என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

ஆனால் கட்டையைப் பார்த்ததும் கணக்கு மாறியது. தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையின் பின்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் அறுக்கப்பட்டிருந்தது. பிற்பாடு ரப்பர் பட்டை ஒன்றை வைத்து நீளத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். அறுத்தது சம்பந்திதான். பென்சில்வேனியாவில் பையன்கள் 12 வயதில் ஜூனியர் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போவார்கள். அப்போதெல்லாம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை சீசன் தொடங்கும். பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறையே உண்டு. (2019 முதல் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.) பன்னிரண்டு வயதுக் கைக்கு எட்ட வேண்டும் என்று அப்பா அறுத்த கட்டை அது. மாப்பிள்ளைக்கு இந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதற்கே அந்த அறுப்புதான் காரணம். சந்தையிலோ அதே அறுப்பு விலையைக் கவிழ்க்கிறது.

முதலில் நாங்கள் போனது விலைப் புத்தகத்துக்கு. 'புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்' 1981 முதல் வருகிறது. அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் பேச்சை ஆரம்பிப்பதே அதை வைத்துத்தான். அசல் பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று மதிப்பிட்டு, அந்தக் கட்டத்தில் உள்ள விலையைப் பார்க்க வேண்டும். எந்த மாடலில் என்னென்ன வகை, எதற்குக் கூடுதல், எதற்குக் குறைவு என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சதவீதம் போடுவது நம் கண். நாங்கள் மனசார 90 என்று போட்டோம். பின்னால் அனுபவஸ்தர் ஒருவர் பார்த்து 75-க்கு மேல் தர மாட்டேன் என்றார். அப்பாவின் பொருளுக்கு மகன் மதிப்பெண் போட்டால் தாராளமாகத்தான் விழும். அறுத்த கட்டைக்கு எவ்வளவு கழிப்பது என்பதற்கும் அந்தக் கட்டங்களில் பதில் கிடைக்கவில்லை. கற்றுக்கொள்ளப் புத்தகம், பங்கு பிரிக்க அல்ல என்பது என் முடிவு.

அப்புறம் துப்பாக்கிக் கடை. கவுன்ட்டரில் இருந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 350 டாலர் தருகிறேன் என்றார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவர் தன் காசைப் போட்டு வாங்கி, எத்தனை மாதம் என்று தெரியாமல் அடுக்கில் வைத்து, வாடகை கொடுத்து, லாபத்தோடு விற்க வேண்டியவர். விற்பனை விலையில் பாதியோ பாதிக்குக் கொஞ்சம் மேலோதான் அவரால் தர முடியும். 'இன்றைக்கே பணமாக வேண்டும்' என்பவருக்கு அது உண்மையான விலை. அவசரம் இல்லாதவர் அதே கடையில் விற்றுத் தரச் சொல்லி ஒப்படைக்கலாம். விற்ற பிறகு கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஆனால் கடைக்காரர் சொன்ன 350-ஐ வைத்துத் தங்கையின் பங்கைக் கணக்கிட்டால் அது தங்கைக்குச் செய்யும் அநியாயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்களில் நடப்பது இதுதான். பொருளை வைத்துக்கொள்கிறவர் கடைக்காரர் சொன்ன தாழ்ந்த விலையைக் காட்டுவார். பணம் வாங்குகிறவர் இணையத்தில் யாரோ கேட்கும் உச்ச விலையைக் காட்டுவார். இரண்டு பேரும் தங்களுக்குச் சாதகமான எண்ணைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது வழி, ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகள். என் ஓட்டு இதற்குத்தான். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் இப்போது விற்பனைக்கு இருப்பவற்றை விட்டுவிட்டு, முடிந்துபோன ஏலங்களை மட்டும் தேட வேண்டும். அதிலும் வாங்க ஆள் இல்லாமல் முடிந்தவற்றைத் தள்ள வேண்டும். ஒருவர் 1,800 டாலர் கேட்டு ஆறு மாதமாக உட்கார்ந்திருப்பது விலை ஆகாது, அது ஆசை. நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து, அதே காலத்துத் தயாரிப்பு, அதே .30-30, அதே குழல் நீளம் என்று பொருத்திப் பார்த்துப் பத்துப் பதினைந்து விற்பனைகளைக் குறித்தோம். எதுவும் மாற்றப்படாதவை 700-லிருந்து 950 டாலர் வரை போயிருந்தன. கட்டை அறுத்தவை, ரப்பர் பட்டை வைத்தவை, தொலைநோக்கி மாட்டப் பக்கவாட்டில் துளை போட்டவை எல்லாம் 450-க்கும் 600-க்கும் நடுவில். புத்தகத்தில் எங்களுக்குக் கிடைக்காத பதில் இங்கே கிடைத்தது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புகைப்படம் நன்றாக எடுத்தவர் அதிக விலைக்கு விற்கிறார். இரண்டு பேர் பிடிவாதமாக ஏலம் கேட்டால் ஒரு விற்பனை மட்டும் எகிறிவிடும். அதை ஒதுக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வாங்குபவருக்குத் துப்பாக்கி உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் வந்து சேரும். அனுப்பும் செலவும் டீலர் கட்டணமும் இருப்பதால் அவர் அதற்கேற்பக் குறைத்தே கேட்பார். பெரிய ஏலக் கம்பெனிகளின் கதை வேறு. ராக் ஐலண்ட் ஆக்‌ஷன் போன்றவை பழைய ஏலங்களின் விலைகளைத் தங்கள் தளத்தில் போடுகின்றன, படிக்கப் படிக்கச் சுவையானவை. அங்கே ஒரு விலையைப் பார்த்தால், வாங்கியவர் கொடுக்கும் கூடுதல் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்றவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. எங்களுடையது போன்ற சாதாரண ரைபிளுக்கு அந்த வாசல் தேவையில்லை.

நாலாவது, கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளர். இவரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பார்த்தோம்: கட்டணம் துப்பாக்கியின் விலையில் சதவீதமாக இருக்கக் கூடாது, அவரே அதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லக் கூடாது. எங்களிடம் 75 டாலர் வாங்கினார். முதலிலேயே ஒரு கேள்வி கேட்டார்: "எதற்காக மதிப்பு வேண்டும்?" காப்பீட்டுக்கு என்றால், அதே போன்ற இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் விலையை எழுதுவாராம். வாரிசுக் கணக்குக்கு என்றால், இறந்த நாளில் சந்தையில் என்ன கிடைத்திருக்கும் என்பதை எழுதுவாராம். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம். பென்சில்வேனியாவில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் சொத்துக்கு 4.5 சதவீத வாரிசு வரி உண்டு, அதற்குக் காட்ட வேண்டியது இந்த இரண்டாவது எண். பின்னால் என்றைக்காவது விற்றால் மத்திய அரசு லாபத்தைக் கணக்கிடுவதும் அந்த எண்ணிலிருந்துதான். எழுத்தில் வாங்கி வைப்பது வீண்போகாது. அவர் எழுதிக் கொடுத்தது 525 டாலர். நாங்கள் ஏலங்களில் கண்ட எல்லைக்குள்ளேயே விழுந்தது. அறுக்காமல் இருந்திருந்தால் 850 சொல்லியிருப்பேன் என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்.

ஒரே ஒரு சாதாரணத் துப்பாக்கிக்காக மதிப்பீட்டாளரிடம் போக வேண்டுமா என்றால், இருவரும் உட்கார்ந்து விற்ற விலைகளைப் பார்க்கச் சம்மதித்தால் தேவையே இல்லை. நம்பிக்கை குறைந்த இடத்திலும், ஒரு அலமாரி நிறையத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்த இடத்திலும்தான் அந்தக் கட்டணம் தகும்.

குடும்பக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது யாரோ ஒரு ஷெரீஃபிடம் இருந்தது என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மதிப்பீட்டாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசீதோ கடிதமோ புகைப்படமோ இருக்கிறதா என்றார். இல்லை. அப்படியானால் விலையில் சேராது. வயோமிங் மாநிலம் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் கணக்கேடுகள் இருக்கின்றன; கட்டணம் கட்டினால் சீரியல் நம்பரை வைத்துக் கடிதம் தருவார்கள். 2014-ல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு மரத்தில் சாய்த்து வைத்தபடி கிடைத்த 1873 மாடல் வின்செஸ்டரை நினைத்துக்கொள்கிறேன். அந்த அருங்காட்சியகத்தின் ஏடுகள் அது 1882-ல் தொழிற்சாலையிலிருந்து கிளம்பியது என்று சொல்லிவிட்டன. யார் சாய்த்து வைத்தார் என்பது ஏட்டில் இல்லை. எங்கள் ரைபிளின் காலத்துக்கோ அந்த ஏடுகள் நீளவில்லை.

நீலகிரியில் இருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தாத்தாவின் எஸ்டேட் துப்பாக்கிக்கும் இப்படி விலை பார்க்கலாமா என்றார். அங்கே வரிசையே வேறு. முதலில் வாரிசு என்ற முறையில் உரிமம் வாங்க வேண்டும். வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைத் துப்பாக்கிக்கும் அதே வரம்பு. வாங்கக்கூடியவர்கள் சிலரே என்பதால் அமெரிக்க ஏல விலைகளை வைத்து அங்கே எதையும் கணக்கிட முடியாது.

மதிப்பீட்டுத் தாள் வந்த அன்று மாப்பிள்ளை தங்கைக்குப் போன் செய்தார். 850-ஐ வைத்தே பங்கு தருகிறேன், அறுத்தது எனக்காகத்தானே, அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அவர் மனது எனக்குப் புரிந்தது. தங்கை மறுத்துவிட்டாள். அண்ணன் தோள் வளர்ந்து வேறு துப்பாக்கிக்குப் போன பிறகு மூன்று சீசன் அவளும் அந்தக் குட்டைக் கட்டையோடுதான் அப்பாவின் பின்னால் நடந்திருக்கிறாள். "அப்பா அதை எனக்கும் சேர்த்துத்தான் அறுத்தார்" என்றாள். 525-ல் பாதி, 262 டாலர் 50 சென்ட்டுக்குக் காசோலை போனது.