பள்ளி முடிந்த பிறகு ஐந்தரை மணி நேரம்: மாணவர் பராமரிப்பு நிலையம், நீண்ட காலப் பயன்பாட்டில்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலும் பிற்பகல் 1.30 மணியளவில் விட்டுவிடுகின்றன. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையைக் கூட்டிவர இரவு 7 ஆகிறது. இடைப்பட்ட நேரத்துக்குப் பள்ளி வளாகத்திலேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. சாப்பாடு, குளியல், பாதுகாப்பு ஆகியவற்றில் பெரும்பாலான நிலையங்கள் நம்பத்தக்கவை. படிப்புக்கு எவ்வளவு துணை என்பதில்தான் நிலையத்துக்கு நிலையம் பெரிய வித்தியாசம். அது தெரியவர ஓராண்டாவது ஆகும்.

எல்லாம் வீட்டுப்பாட நேரத்தைப் பொறுத்தது. சாப்பிட்டுக் குளித்துப் பிள்ளைகள் உட்கார ஏறக்குறைய 2.30 ஆகிவிடும். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் பணியாளர் “முடிச்சாச்சா?” என்று மட்டும் பார்க்கிறாரா, “எப்படிப் போட்டாய்?” என்று கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கணக்குப் பயிற்சிநூலைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும். சொற்கணக்கில் மாடல் (கணக்கைப் பட்டைகளாகக் காட்டும் படம்) வரையாமல், வழிமுறை எழுதாமல் சரியான விடை மட்டும் நிற்கிறதா? பக்கம் முழுக்க அழிரப்பர் தடமா? அப்படியென்றால் யாரோ விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அல்லது பக்கத்துப் பிள்ளையின் நூல் கைமாறியிருக்கிறது.

இதில் உள்ள பாதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. பிழையெல்லாம் நிலையத்திலேயே திருத்தப்பட்டுவிட்டால் வகுப்பாசிரியர் கைக்குச் சுத்தமான நூல்தான் போகும். பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்பது அவருக்குத் தேர்வில்தான் தெரியவரும். ஆகவே நிலையத்தில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருமுறை விளக்கியும் வராத கணக்கை அழிக்க வேண்டாம், பென்சிலால் வட்டமிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான பணியாளர்கள் இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் அது வேலைச்சுமையைக் குறைக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஓட்டை தமிழ்தான். பல நிலையங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த பணியாளர் ஒருவர்கூட இருப்பதில்லை. ஆங்கிலமும் கணக்கும் பார்க்கப்படுகின்றன. தமிழ்ப் பயிற்சித்தாளில் கோடெல்லாம் நிரம்பியிருந்தால் போதும், முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். உள்ளே எழுதியிருப்பதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இதற்கு நிலையத்தைக் குறைசொல்லிப் பயனில்லை, வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. தமிழுக்குத் தனி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். பார்த்து எழுதுவதும், சொல்வதெழுதுதல் சொற்களை மூன்று முறை எழுதிப் பழகுவதும் நிலையத்தில் நடக்கட்டும். வாக்கியம் அமைத்தல், கருத்தறிதல், கட்டுரை மூன்றும் வீட்டுக்கு வரட்டும். சொற்பட்டியலைக் கிடைத்த அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், கோப்பு நிலையத்தில் தங்கிப்போன நாளிலும் பயிற்சி நிற்காது. தேர்வுக்கு முந்தைய இரவு ஒரேயடியாகப் பத்துச் சொற்களைத் திணிப்பதைவிட, மூன்று இரவுகளில் பத்துப் பத்து நிமிடம் கேட்டு எழுதவைத்தால் மனதில் நிற்கும்.

பேச்சுத் தமிழும் கவனம் தேவைப்படுகிற இடம். காலை 7.30 முதல் இரவு 7 வரை பிள்ளை ஏறக்குறைய முழுக்க ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழுக்கான 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு உரியது. காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும், அந்தக் கருத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டின்போது “இன்னைக்கு என்ன விளையாடினே?” என்பதோடு நிறுத்தாமல், “அவன் அப்படிச் செஞ்சது சரியா? ஏன்?” என்று தொடர்ந்து கேளுங்கள். தேர்வில் கேட்கப்படுவதும் ஏறக்குறைய இதேதான்.

சொந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற வேறிடத்துக்குப் போகிறார்கள். அந்த நாள்களைப் பராமரிப்பு நிலையத்தில் எழுத்தாகக் கொடுத்துவிட வேண்டும். யார் கூட்டிப்போவது, மதிய உணவை எடுத்துவைப்பார்களா, திரும்பி வரும்போது சிற்றுண்டி மிச்சமிருக்குமா என்பவற்றை முன்கூட்டியே பேசாவிட்டால் பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காரும். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் நடத்தும் சிறப்பு வாசிப்பு வகுப்புகளுக்கும் இதே ஏற்பாடு தேவை.

விளையாட்டும் பிற நடவடிக்கைகளும் வீண் நேரம் என்று நினைக்க வேண்டாம். தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளே கிடையாது. அந்த இரண்டு ஆண்டுகளில் நிலையம் தருகிற பெரிய பலன், முறை வைத்துக் காத்திருப்பதும், சண்டையிட்டுச் சமாதானமாவதும், தன் பொருளைத் தானே எடுத்து வைப்பதும்தான். அமெரிக்காவில் டர்லாக், வைஸ்பெர்க், பச்சன் ஆகிய மூவர் 2010இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு இங்கே உதவும். படிப்படியான வரிசை, பிள்ளை தானே செய்து பழகுதல், அதற்கென ஒதுக்கிய நேரம், தெளிவான நோக்கம் ஆகிய நான்கும் இருந்த பிற்பகல் திட்டங்களில் பலன் தெரிந்தது. அவை இல்லாத திட்டங்களில் அப்படித் தெரியவில்லை. எனவே நிலையத்தில் ஒரு பருவத்துக்கான நடவடிக்கை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் வண்ணம் தீட்டுதல், மறுநாள் காகித மடிப்பு என்று தாவுவதைவிட, எட்டு வாரம் சதுரங்கமோ செடி வளர்ப்போ தொடர்ந்து நடப்பது நல்லது.

தொடக்கநிலை 5இலிருந்து பலன் குறைகிறது. இணைப்பாட நடவடிக்கையும் பள்ளியின் கூடுதல் வகுப்புகளும் வாரத்தில் சில பிற்பகல்களை எடுத்துக்கொண்டாலும் கட்டணம் பெரும்பாலும் முழு மாதத்துக்கே. சின்னப் பிள்ளைகளின் இரைச்சலில் பெரியவர்களால் படிக்கவும் முடிவதில்லை. ஒரு பாடத்தில் பின்தங்கியிருந்தால் நிலையத்தின் வீட்டுப்பாட நேரம் அதைச் சரிசெய்யாது. சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்பு போன்றவை தனியாகத் தேவைப்படும்.

கட்டணத்துக்குச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் உதவித் திட்டம் உண்டு. விண்ணப்பத்தை நிலையத்தின் வழியாகவே கொடுக்கலாம். சம்பளச் சீட்டுகளை முன்பே தயாராக வைத்திருந்தால் தாமதம் இருக்காது. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, வைப்புத்தொகை எப்போது திரும்பும், ஜூன் மாத நான்கு வார விடுமுறைக்கும் ஆண்டிறுதி ஆறு வார விடுமுறைக்கும் கூடுதல் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் கையெழுத்திடும் முன் கேளுங்கள். இடம் பார்க்கப் போவதானால் காலையில் போகாதீர்கள். பிற்பகல் மூன்றரைக்குப் போய், வீட்டுப்பாட அறையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள்.